முத்துப்பேச்சிக்கு நான் போட்ட வார்த்தை

ஏறும்போதே பார்த்துவிட்டேன். பார்க்காத மாதிரி ஏறி, பார்க்காத மாதிரி நடுவில் ஒரு சீட்டைப் பிடித்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே தெரியாத பனியை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் பார்த்துவிட்டேன். எனக்கு இரண்டு வரிசை முன்னால் பச்சை ஸ்வெட்டர், தலையைச் சுற்றி ஒரு துண்டு, மடியில் ஜவுளிக்கடைப் பை. முத்துப்பேச்சி. வால்பாறையிலிருந்து இந்த ஆறு மணி பஸ்ஸை விட்டால் பத்தரைக்குள் கோயம்புத்தூர் லேபர் கோர்ட்டில் நிற்க முடியாது. எனக்குத் தெரிந்த இந்த விஷயம் அவளுக்கும் தெரிந்திருக்கும் என்பது நேற்று என் மண்டையில் ஏன் உறைக்கவில்லை? எஸ்டேட் ஜீப்பில் போயிருக்கலாம். ஜீப் ஒர்க்‌ஷாப்பில் கிடக்கிறது. அது ஓடினாலும் மேனேஜர் பக்கத்தில் உட்கார்ந்து நாலு மணி நேரம் போக வேண்டும், அதற்கு இதுவே மேல். மேலா? கேஸ் போட்டவள் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள், கம்பெனிக்காகச் சாட்சி சொல்லப் போகிறவன் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன், நடுவில் மூணாறுக்குப் போகத் தெரியாமல் ஏறிவிட்ட மாதிரி முழிக்கும் ஒரு குடும்பம். இருபத்தாறு வருஷம் தேயிலைக் கொழுந்து எடுத்தவளை வேலையை விட்டு நீக்கியது கம்பெனி. நீக்கலாம் என்று சொன்ன விசாரணை அறிக்கையை எழுதியது நான், பெரிய கிளார்க் எட்வின் தவமணி. கையெழுத்து வேறு ஆளுடையது. எழுத்து என்னுடையது. அந்த அறிக்கையில் ஒரு வார்த்தை இருக்கிறது. அதை நினைத்துத்தான் நேற்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

வார்த்தையைச் சொல்லிப் பார்க்கட்டுமா? மனசுக்குள்தான். கான்ட்யுமேஷியஸ். இல்லை, கன்ட்டுமேசியஸ். கான்டுமாசியஸ்? பாருங்கள், இதுதான் என் லட்சணம். பதினோரு வருஷமாக எழுதுகிறேன், டைப் அடிக்கிறேன், எழுத்துப் பிசகாமல் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன், ஒரு தடவைகூட வாயால் சொன்னதில்லை. யாரிடம் சொல்வது? என் ஆங்கிலம் முழுக்கக் காகிதத்தில் வந்தது, காகிதத்திலேயே போய்விடும். என் மனைவி கிறிஸ்டியிடம் சொன்னால் இது என்ன புது மாத்திரையா என்பாள். போன வாரம் கம்பெனி வக்கீல் ஆபீஸ் ஃபோனில் கூப்பிட்டார். அவர் அந்த வார்த்தையைச் சும்மா தட்டிவிட்ட மாதிரி சொன்னார், காதில் விழுந்தும் பிடிபடவில்லை, மறுபடி சொல்லுங்கள் என்று கேட்க வெட்கம். "தவமணி சார், அதுதான் நம்ம கேஸே. ஒரு நாள் வேலை செய்யாம காட்டுல இருந்து இறங்கி வந்துட்டாங்கறதுக்கெல்லாம் டிஸ்மிஸ் பண்ண முடியாது, எச்சரிக்கை குடுத்து விட்டுரச் சொல்வாங்க. வேணும்னே, திட்டம் போட்டு, மேனேஜ்மென்ட்டை மதிக்காம நின்னாங்கறதுதான் குற்றம். அந்த ஒரு வார்த்தை எல்லாத்தையும் சொல்லுது. யாரு சார் எழுதினது? பிரமாதம்." நான்தான் என்று சொன்னேன். சொல்லும்போது சந்தோஷமாக இருந்தது. "கேட்டா யோசிச்சுத்தான் எழுதினேன்னு சொல்லுங்க, வேற எதுவும் பேச வேண்டாம்" என்றார். யோசித்தா? நானா? நாற்பது என்று ஒரு மஞ்சள் பலகை வெளிச்சத்தில் வந்து போகிறது. இனி நாற்பது வளைவு இறங்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை இருக்கிறது, எண்ணாமல் இருக்கலாம் என்றாலும் விடாது.

அந்த வார்த்தை எனக்கு எப்படிக் கிடைத்தது? அப்போது ஒரு நோட்டு வைத்திருந்தேன், தினம் ஒரு வார்த்தை. டிக்‌ஷனரியைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பேன், விரல் எதில் விழுகிறதோ அது அன்றைக்கு. அர்த்தம் எழுதி, ஒரு வாக்கியம் எழுதி, வாரக் கடைசிக்குள் ஏதாவது ஒரு கடிதத்தில் போட்டுவிட வேண்டும், அப்போதுதான் நிற்கும். ஃபேக்டரிக்கு விறகு வரவில்லை என்ற கடிதத்தில்கூட ஏதாவது ஒன்றை நுழைத்திருக்கிறேன். ஆபீஸில் என்னை டிக்‌ஷனரி என்றுதான் கூப்பிடுவார்கள். கிண்டல்தான், ஆனாலும் பிடிக்கும். இந்த வார்த்தையை முதலில் போட்டது ஒரு வாட்ச்மேனுக்கு. அவன் குடித்துவிட்டு உதவி மேனேஜர் பங்களா வாசலில் நின்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாடா வெளியே என்றவன். மூன்று முறை கூப்பிட்டு விசாரித்தும், வர முடியாது, என்ன செய்வாய் செய் என்றவன். அவனுக்குப் பொருத்தம். அளவெடுத்துத் தைத்த சட்டை. டிக்‌ஷனரி என்ன சொல்கிறது? அதிகாரத்துக்கு வேண்டுமென்றே, பிடிவாதமாக, அவமதிப்போடு கீழ்ப்படிய மறுக்கிற. மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும். தெரியாமல் செய்தவனுக்குப் போடக் கூடாது, பயந்து செய்தவனுக்குப் போடக் கூடாது, மாட்டுக்கும் குழந்தைக்கும் போடக் கூடாது. கோர்ட் உத்தரவை மதிக்காதவன், சம்மன் வந்தும் போகாதவன், அந்த மாதிரி ஆட்களுக்காக வைத்திருக்கும் வார்த்தை. அப்போதிருந்த மேனேஜர், நல்ல ஆங்கிலக்காரர், அந்த வார்த்தைக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டு ஓரத்தில் 'நன்றாக எழுதியிருக்கிறாய்' என்று எழுதினார். முப்பத்தோரு வருஷ சர்வீஸில் எனக்கு ஒருவன் எழுத்தில் கொடுத்த ஒரே பாராட்டு அது. அந்தக் காகிதத்தை வீட்டுக்குக் கொண்டு போய்க் கிறிஸ்டியிடம் காட்டிவிட்டு மறுநாள் கோப்பில் திரும்பக் கோத்தேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் செய்தேன்.

கோத்த கோப்பு எது என்பதில்தான் வினை. எங்கள் ஆபீஸில் மாதிரிக் கோப்பு என்று ஒன்று உண்டு, தடித்த அட்டை, மூலையெல்லாம் எலி தின்றது. யாருக்கு மெமோ கொடுக்க வேண்டுமென்றாலும், எந்த அறிக்கை எழுத வேண்டுமென்றாலும், அதைத் திறந்து பழைய ஒன்றை எடுத்துப் பேரையும் தேதியையும் மாற்றி அடிப்பதுதான் வழக்கம். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சொல்லிக்கொடுத்ததே அதுதான், சொந்தமாக எழுதாதே, பழசைப் பார்த்து எழுது, பழசு ஏற்கெனவே கையெழுத்து வாங்கியது. மேனேஜரின் பென்சில் கோடு விழுந்த காகிதம் அந்தக் கோப்பில் முதல் பக்கமாகிவிட்டது. அதற்கப்புறம் எங்கள் எஸ்டேட்டில் தப்பு செய்த அத்தனை பேரும் கான்ட்யுமேஷியஸ். காய்ச்சலில் இரண்டு நாள் வராதவன், கூடையைத் தொலைத்தவள், ஃபேக்டரியில் தூங்கியவன், எல்லாரும். ஒரு தடவை இரண்டாம் கிளார்க் சாமிதுரை நாற்றங்காலை மேய்ந்த ஆடுகளைப் பற்றிப் பஞ்சாயத்துக்கு ஒரு கடிதம் எழுதி, ஆடுகளுக்கே அதைப் போட்டிருந்தார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "என்ன சார், நல்ல வார்த்தைதானே, எல்லாத்துக்கும் வருதே" என்றார் அவர். அன்றைக்கே அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டிருக்க வேண்டும். கிழிக்கவில்லை. பென்சில் கோடு போய்விடுமே. பஸ் ஒரு பக்கமாகச் சாய்கிறது, டிரைவர் ஹார்னை அழுத்திப் பிடிக்கிறார், முப்பத்தி மூன்று. எதிரே பால் வண்டி. முன்னால் பச்சை ஸ்வெட்டர் கம்பியைப் பிடித்துக்கொள்கிறது. திரும்பிவிடாதே தாயே. திரும்பவில்லை.

முத்துப்பேச்சிக்கு அது வந்த கதை ரொம்பச் சின்னது. போன வருஷம் மழை விட்ட சமயம். பதினாலாம் நம்பர் காடு, தேயிலைப் பகுதியைத்தான் நாங்கள் காடு என்போம், சோலைக்காட்டை ஒட்டி இருக்கிறது. முந்தின நாள் சாயங்காலம் அங்கே யானை, கூடக் குட்டி. காலையில் பார்த்தபோது இல்லை, போய்விட்டது, எடுங்கள் கொழுந்தை என்று உத்தரவு. முத்துப்பேச்சி கொஞ்ச நேரம் நின்று சோலையைப் பார்த்தாளாம், காலிக் கூடையை எடுத்துக்கொண்டு இறங்கினாளாம். அவள் பின்னால் ஏழு பேர் இறங்கினார்கள், பேர்ப்பதிவு எடுப்பதற்கு முன்பே, அதனால் அவர்கள் யார் என்று ஆபீஸ் ஏட்டில் இல்லை. அவ்வளவுதான். பதினாலாம் காட்டில் அன்றைக்கு ஒரு இலை எடுக்கவில்லை. மேனேஜர் கொதித்துப் போனார், இப்போதிருக்கும் மேனேஜர், இவருக்கு ஆங்கிலமும் சுமார்தான். யார் சொல்லி இறங்கினீர்கள், உன்னோடு வந்தவர்கள் யார் யார், பேரோடு நாற்பத்தெட்டு மணி நேரத்தில் எழுதிக் கொடு என்று அவளுக்கு ஒரு மெமோ. பதில் இல்லை. இரண்டாவது. இல்லை. மூன்றாவது. இல்லை. விசாரணைக்கு வெளியிலிருந்து ஒருவரை வரவழைத்தார்கள். அவள் வந்தாள், உட்கார்ந்தாள், கேட்ட எதற்கும் வாயைத் திறக்கவில்லை, கையைக் கோத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தாள். பயத்தில் உறைந்துவிட்டாள் என்றுதான் நான் நினைத்தேன், மூலையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவன் நான்தானே. விசாரணை முடிந்து அந்த ஆளுக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "கிளார்க், வழக்கமா எழுதுற மாதிரி அடிச்சு வைங்க, கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பறேன்" என்றார். சனிக்கிழமை மத்தியானம். எனக்கு சர்ச் கமிட்டிக் கூட்டம் இருந்தது. மாதிரிக் கோப்பை எடுத்தேன், வாட்ச்மேன் பேரை எடுத்துவிட்டு முத்துப்பேச்சி பேரைப் போட்டேன். பத்து நிமிஷம் ஆகியிருக்குமா? அந்த வார்த்தையை அடிக்கும்போது அவள் முகம்கூட ஞாபகம் வரவில்லை. சத்தியமாக வரவில்லை. மூன்று மெமோவும் ஆங்கிலத்தில் இருந்தன. அவளுக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும். என்ன கேட்கிறார்கள் என்றே தெரியாதவள் எப்படி வேண்டுமென்றே மறுக்க முடியும்? டிக்‌ஷனரிக்கே அது தெரியும். எனக்குத் தெரியவில்லை.

வேலை போனால் வேலை மட்டும் போகாது, அதுதான் மலையில் கொடுமை. லயன் வீடு வேலையோடு சேர்ந்தது. ஒரு அறை, ஒரு அடுப்படி, தகரக் கூரை, அதையும் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் போயிருக்கிறது, கேஸ் முடியும்வரை கோர்ட் நிறுத்தி வைத்திருக்கிறது. அந்த நோட்டீஸை அடித்ததும் நான். அவள் புருஷன் செத்து எட்டு வருஷம் ஆகிறது. ஒரு மகள் படிக்கிறாள். கீழே அவர்களுக்கு ஒரு ஊரும் இல்லை. இருபத்தி ஏழு. காது அடைக்கிறது. எச்சிலை விழுங்கினால் திறக்கும் என்பார்கள், விழுங்குகிறேன், திறக்கவில்லை. கோர்ட்டில் தமிழில் இதை என்னவென்று சொல்வேன்? ஜட்ஜ் கேட்பார், இதற்கு அர்த்தம் என்ன என்று. திமிர் என்பதா? திமிர் பிடித்த பையன் என்று பெற்ற தாயே ஆசையாகச் சொல்வாள், அது வேறு. ஆணவம்? அது பணக்காரனுக்கு. அடங்காதவள் என்றால் தெருச்சண்டை வாசனை வருகிறது. முறுக்கிக்கொண்டு நின்றாள்? அது சம்பந்தி வீட்டுக் கோபம். ஒன்றும் சரிவரவில்லை, எல்லாம் கூடக் குறைய இருக்கிறது. அதிகாரத்தில் இருக்கிறவனை நேராகப் பார்த்து, உன்னை மதிக்கவில்லை, என்ன ஆனாலும் செய்ய மாட்டேன் என்று நிற்பதற்குத் தமிழில் ஒரு வார்த்தை வேண்டும், இருக்கும், எனக்குத்தான் வரவில்லை. என் நோட்டில் ஆயிரத்துச் சொச்சம் ஆங்கில வார்த்தை இருக்கிறது. அம்மா பேசின பாஷையில் ஒன்று கேட்டால் கையை விரிக்கிறேன்.

உண்மையைச் சொல்லிவிட்டால் என்ன? இது நாலு நாளாக வந்து வந்து போகிறது. சாட்சிக் கூண்டில் ஏறி, அய்யா, யோசித்து எழுதவில்லை, பழையதைப் பார்த்துக் காப்பி அடித்தேன், இந்தப் பொம்பளைக்கு அந்த வார்த்தை பொருந்தாது, அவளுக்கு மெமோவே புரிந்திருக்காது என்று சொன்னால்? சொல்லலாம். சொன்னால் வக்கீல் என்னை அங்கேயே கிழித்துவிடுவார். மேனேஜர் திங்கட்கிழமை காலையில் கூப்பிடுவார். என் மேல் ஒரு விசாரணை வரும், சாமிதுரை மாதிரிக் கோப்பைத் திறப்பார், பேரையும் தேதியையும் மாற்றுவார், எனக்கும் அதே வார்த்தை. நினைத்தால் சிரிப்பு வருகிறது, சிரிப்போடு வேர்க்கிறது. என் குவார்ட்டர்ஸும் வேலையோடு சேர்ந்ததுதானே. இருபத்தி இரண்டு. வேண்டாம், யோசித்து எழுதினேன் என்று சொல்லிவிடுவோம், ஒரு வரி, முடிந்தது. பதினெட்டு. முடியுமா? அவள் அங்கேயே நிற்பாளே, கையைக் கோத்துக்கொண்டு. பதினாறு. இத்தனை வருஷம் டிக்‌ஷனரி டிக்‌ஷனரி என்று கூப்பிட்டவர்களுக்கு முன்னால், அர்த்தம் தெரியாமல் எழுதினேன் என்று எப்படிச் சொல்வது? தெரியாமல் இல்லை, பார்க்காமல் எழுதினேன். அது அதைவிடக் கேவலம். நடுவரிசைக் குடும்பத்தின் குழந்தை வாந்தி எடுக்கிறது, அப்பன்காரன் கையில் பிடிக்கப் பார்க்கிறான், முத்துப்பேச்சி திரும்பித் தன் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து நீட்டுகிறாள். நீட்டிவிட்டு நிமிரும்போது என்னைப் பார்த்துவிட்டாள். ஆச்சரியமே இல்லை அவள் முகத்தில். ஏறும்போதே அவளும் பார்த்திருக்கிறாள். லேசாகத் தலையை ஆட்டினாள், ஆபீஸ் ஜன்னலில் ஆட்டுகிற மாதிரி. நானும் ஆட்டினேன், என் கழுத்து மரக்கட்டை. ஒன்பதாவது வளைவில் வரையாடு நிற்கிறது என்று எல்லாரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து பார்க்கிறார்கள், நான் என் கால் செருப்பைப் பார்க்கிறேன். சொல்லிவிடுவேன். சொல்லத்தான் போகிறேன். என்னைத் தூக்கில் போடட்டும், அவள் அப்பாவி என்று சொல்லிவிடுகிறேன். முடிவு செய்ததும் காது பட்டென்று திறந்தது, பஸ் சத்தம் முழுசாக உள்ளே வந்தது. நான் நல்லவன் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அந்த ஒரு நிமிஷம் சுகமாகத்தான் இருந்தது.

ஆழியாறு செக்போஸ்ட்டில் வண்டியை நிறுத்திவிட்டு டிரைவர் டீ குடிக்கப் போனார். எல்லாரும் இறங்கினார்கள். நான் இறங்குவதா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் எழுந்து வந்து என் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "கிளார்க்கய்யா, ஒரு சந்தேகம், கேக்கலாமா?" கேளு என்றேன். குரல் கிரீச்சென்று வந்தது. "அந்தக் கடைசிக் காயிதம், நீங்க அடிச்சது. எம் மக எல்லாத்தையும் படிச்சுச் சொல்லிட்டா. ஒரே ஒரு வார்த்தை மட்டும் அவளுக்குப் பிடிபடல. அவ பள்ளிக்கூடத்து டிக்‌ஷனரியில அது இல்லையாம். டீச்சரும் தெரியலன்னுட்டாங்க. அதுலதான் எல்லாம் இருக்குன்னு எங்க வக்கீல் சொல்றாரு, அவரும் சுத்தி வளைக்கிறாரு. அது என்ன வார்த்தைங்கய்யா?" வாழ்க்கையில் முதல் தடவையாக அதை வாயால் சொன்னேன். இப்படித்தானோ அப்படித்தானோ என்ற சந்தேகமெல்லாம் அப்போது வரவில்லை, கான்ட்யுமேஷியஸ் என்றேன், வந்துவிட்டது. "அப்படின்னா?" அப்படியென்றால் என்று ஆரம்பித்தேன். நான் தேடிய தமிழ் ஒன்றும் கைக்கு வரவில்லை. "மேல இருக்கிறவன் சொல்றதை, தெரிஞ்சே, வேணும்னே, உன்னை மதிக்க மாட்டேன்னு நின்னு, செய்ய மாட்டேன்னு சொல்றது" என்றேன். "தப்புதான்மா. நான் பார்க்காமப் போட்டுட்டேன். உனக்குப் போட்டிருக்கக் கூடாது. நீ அந்த மாதிரி ஆள் இல்லைன்னு இன்னிக்குச் சொல்லிடறேன், உனக்கு மெமோவே புரியலைன்னு சொல்லிடறேன்." கண் கலங்கிவிட்டது எனக்கு. அவள் கும்பிடுவாள் என்று எதிர்பார்த்தேனா? எதிர்பார்த்தேன்.

அவள் கும்பிடவில்லை. "ஏன் புரியாம?" என்றாள். "மொத மெமோ வந்த அன்னைக்கே எம் மக படிச்சுச் சொல்லிட்டா. மூணையும் நாலு நாலு வாட்டி படிக்கச் சொல்லிக் கேட்டேன். கூட வந்தவுக பேரத்தான கேட்டிருந்தீக? ஏழு பேருல ஆறு பேரு தற்காலிகம். பேரக் குடுத்தா மறுநா அவளுகளுக்கு வேல இல்ல. அதான் குடுக்கல. விசாரணையில அந்தாளு என் முகத்தப் பாத்துக் கேட்டாரு, வாயத் தொறந்தா ஏதாவது ஒரு பேரு வந்துருமோன்னு பல்லக் கடிச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தேன். தெரிஞ்சுதான்யா செஞ்சேன். நம்ம மேனேஜர் தொரைய மதிக்கலயான்னு கேட்டா, மதிக்கலதான். யானை போன தடத்தப் பாக்காமயே போ போங்கிறவர என்னத்த மதிக்க?" குரலை உயர்த்தாமல், அன்றைக்கு எடுத்த கொழுந்தின் எடையைச் சொல்கிற மாதிரி சொன்னாள். இருபத்தாறு வருஷம் இவளுக்குச் சம்பளச்சீட்டு எழுதியவன் நான், இவள் முகத்தை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். "அப்ப அந்த வார்த்தை..." என்று இழுத்தேன். "சரியாத்தான போட்டிருக்கீக" என்றாள். ஒரு நொடி, சிரித்தாள் என்றே சொல்ல வேண்டும். அப்புறம் முகம் மாறியது, குனிந்து, பக்கத்தில் யாருமில்லாதபோதும் மெதுவாகக் கேட்டாள். "அது சரின்னு ஆயிட்டா வீடு போயிருமாய்யா?" போய்விடும் என்றேன். "அப்ப நீங்க நெனச்சபடியே சொல்லிருங்க. பயந்தவ, ஒண்ணும் தெரியாதவன்னு சொல்லிருங்க. அவளுக்குப் பரீட்சை இருக்கு, வீடு வேணும். ஆனா நீங்களும் அப்படியே நெனச்சுக்கிட்டு இருந்தா நல்லா இல்ல, அதான் சொன்னேன்." டிரைவர் ஏறி ஹார்ன் அடித்தார். அவள் தன் சீட்டுக்குப் போய்விட்டாள்.

பொள்ளாச்சி வரை சமவெளி, ரெண்டு பக்கமும் தென்னை, வெயில் ஏறிவிட்டது, எனக்கு மட்டும் இன்னும் வளைவில் இறங்குவதுபோலவே இருக்கிறது. என்ன செய்துவிட்டாள் இவள்? ஒன்பதாவது வளைவில் என் கையில் ஒரு உண்மை இருந்தது. அதைச் சொல்லப் பயம் இருந்தது, ஆனாலும் உண்மை. இப்போது அதே வாக்கியம், ஒரு எழுத்து மாறாமல், பொய். பைபிளைத் தொட்டு அந்தப் பொய்யைச் சொல்ல வேண்டும். உண்மையைச் சொல்வதென்றால் வக்கீல் சொல்லிக்கொடுத்ததைத்தான் சொல்ல வேண்டும், ஆமாம், பொருத்தமாகத்தான் போட்டேன் என்று. சொன்னால் மேனேஜர் முதுகில் தட்டுவார், அவள் மகள் பரீட்சைக்கு நடுவில் சட்டி பானையோடு ரோட்டில் நிற்பாள். நான் போட்டதில் பொருந்தியது இரண்டே பேருக்கு, ஒருவன் குடிகாரன், அடுத்தது இவள். குடிகாரனுக்கு யோசித்துப் போட்டேன், இவளுக்கு யோசிக்காமல் போட்டேன், இவளுக்குத்தான் அது முழுசாகப் பொருந்துகிறது. அந்த வார்த்தையை ஒரு குற்றமாகவே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் ஒரு மனுஷி நிமிர்ந்து உட்கார்ந்திருக்க இடம் உண்டு என்று டிக்‌ஷனரியில் போடவில்லை. நான் என்றைக்காவது அப்படி இருந்திருக்கிறேனா? யாருக்காவது ஒரு மெமோவை, முடியாது, இதை நான் அடிக்க மாட்டேன் என்று திருப்பிக் கொடுத்திருக்கிறேனா? இல்லை. ஒரு தடவைகூட இல்லை. பொறாமையாக இருக்கிறது, வேலை போன ஒரு கொழுந்துக்காரி மேல் எனக்குப் பொறாமை. உக்கடத்தில் இறங்கும்போது அவள் முன்னால் போய்விட்டாள், வேறு டவுன் பஸ்ஸில். இரண்டு பேரும் சேர்ந்து வந்ததை யாரும் பார்க்கக் கூடாது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு அதுவும் தோன்றவில்லை.

கோர்ட்டில் டவாலி என் பேரை மூன்று முறை கூப்பிட்டார், முதல் தடவையே எழுந்துவிட்டேன். கம்பெனி வக்கீல் கேட்டதற்கெல்லாம் ஆமாம் ஆமாம் என்றேன், அவர் திருப்தியாக உட்கார்ந்தார். அவளுடைய வக்கீல் எழுந்து அறிக்கையை நீட்டி, இந்த வார்த்தையை யோசித்துப் போட்டீர்களா என்றார். இல்லை, பழைய கோப்பைப் பார்த்து அடித்தேன் என்றேன். கம்பெனி வக்கீல் படக்கென்று எழுந்தார், ஜட்ஜ் அவரைக் கையைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டு, மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "பழசப் பார்த்து அடிச்சீங்க, சரி. ஆனா இந்தம்மா வேணும்னே பதில் குடுக்கலையா, இல்லையா? அங்க இருந்தது நீங்க. உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்க." எனக்குத் தெரிந்ததை. அவள் கடைசிப் பெஞ்சுக்குப் பின்னால் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். "அந்தம்மாவுக்கு ஒண்ணும் தெரியாதுங்க அய்யா" என்றேன். "மெமோவுல என்ன இருக்குன்னே புரிஞ்சிருக்காது. ரொம்பப் பயந்த பொம்பளை. எதிர்த்து நிக்கிற துணிச்சலெல்லாம் அதுக்குக் கிடையாதுங்க." ஜட்ஜ் சுவர் பக்கம் திரும்பிப் பார்த்தார். முத்துப்பேச்சி தலையைக் குனிந்துகொண்டாள், முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள், முழங்காலை லேசாக மடித்து, எவ்வளவு சின்னதாக ஆக முடியுமோ அவ்வளவு சின்னதாக ஆனாள். உதடுகூட நடுங்கியது, அதை எப்படிச் செய்தாள் என்று தெரியவில்லை. "டிமிட்" என்று ஜட்ஜ் டைப்பிஸ்ட்டிடம் சொன்னார், "டிமிட் அண்ட் இக்னரன்ட் வுமன்." பயந்தவள், ஒன்றும் தெரியாதவள். மிஷின் தடதடவென்று அடித்தது. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள் என்று காகிதத்தை என் பக்கம் நகர்த்தினார்கள். படித்தேன். அவளைப் பற்றி அதில் இருந்த ஒரு வார்த்தைகூட உண்மையில்லை. கீழே தெளிவாக, முழுப் பெயரோடு கையெழுத்துப் போட்டேன்.